வாசகர் கேள்விகள்: அமெரிக்கக் கவுண்டியின் மானியப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: மகள் வீட்டில் தங்குவதற்காக அயோவா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன. பொழுது போகாமல் இணையத்தைத் துழாவியபோது, இந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) யார் யாருக்கு எவ்வளவு வேளாண் மானியம் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் பெயர்களோடு கிடைத்தது. பக்கத்துப் பண்ணைக்காரரின் பெயருக்கு நேரே ஏறத்தாழ ஆறு லட்சம் டாலர் என்றிருக்கிறது. பழைய பிக்கப் வண்டியில் போகிற மனிதர் அவர். விளைச்சலுக்கு விலை கட்டுபடியாகவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறவர். இந்தத் தொகையை நம்புவதா? ஒருவருடைய கணக்கை இப்படி ஊரறியப் போடுவதுதான் முறையா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பதில்: தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது எத்தனை ஆண்டுகளின் கூட்டுத்தொகை என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் பார்த்தது என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தொகுத்து வைத்திருக்கும் பட்டியலாக இருக்கலாம். அதன் கணக்கு 1995இலிருந்து தொடங்குகிறது. ஆறு லட்சத்தை இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர் வரும். ஒரு கணக்கில் கால் நூற்றாண்டாக வரவு வைக்கப்பட்டதையெல்லாம் கூட்டி அதையே இருப்பு என்று சொல்லக்கூடாது என்பதை வங்கியில் இருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 22,000 என்பதும் வெறும் சராசரிதான். ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் சில ஆண்டுகளில் ஒன்றுமே இராது. 2018 முதல் 2020 வரையிலான ஆண்டுகளில் மட்டும் தொகை எகிறியிருக்கும். 2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவின் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தபோது, அந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக வேளாண்மைத் துறை தனியாக ஒரு திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டில் சோயாவுக்கு ஒரு புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்டும் கொடுக்கப்பட்டன. ஒரு லட்சம் புஷல் மக்காச்சோளம் விளைவித்தவருக்கு ஆயிரம் டாலர் கிடைத்தது; அதே அளவு சோயா விளைவித்தவருக்கு ஒரு நபருக்கான உச்சவரம்பாகிய 1,25,000 டாலர் கிடைத்தது. மறுஆண்டு கணக்கிடும் முறையே மாறிவிட்டது. பயிரைப் பார்க்காமல், கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை ஒரே விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. எல்லைச் சாலையின் இந்தப் பக்கம் ஒரு விகிதமும் அந்தப் பக்கம் இன்னொரு விகிதமும் இருந்தால், ஒரே மண்ணில் ஒரே பயிரை வைத்திருப்பவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் கொரோனா நிவாரணமும் சேர்ந்துகொள்ள, 2020இல் நாடு முழுவதும் பண்ணைகளுக்கு நேரடியாகச் சென்ற அரசுப் பணம் 45 பில்லியன் டாலரைத் தாண்டியது. ஆகவே உங்கள் அண்டை வீட்டார் அலுத்துக்கொள்வதும் உண்மையாக இருக்கலாம், பட்டியலில் உள்ள தொகையும் உண்மையாக இருக்கலாம். விலை விழும்போதுதான் பணம் வருகிறது.

ஊரறியப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பருத்தி மானியம் பெற்றவர்களின் பெயர்களைக் கேட்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொடுத்த வழக்கில், அவற்றை வெளியிட வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் வயல் வரைபடங்களையும் உழவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றித் தரும் விவரங்களையும் மறைத்துவிட்டது. யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை மறைக்கவில்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க வரி கட்டுபவருக்கு உரிமை உண்டு என்பதே என் கருத்து. அந்தத் திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே சாத்திய கதவு ஒன்றும் இருக்கிறது. அதைக் கீழே வேறொரு கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: ஒரு பண்ணைக்கு இவ்வளவு தொகை என்று எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? மக்காச்சோளம் விதைக்காதவருக்கும் மக்காச்சோள மானியம் கிடைக்குமாமே, உண்மையா?
— பொருளியல் மாணவி

பதில்: உண்மைதான். இந்த இடத்தில்தான் பலருக்கும் தலை சுற்றுகிறது என்பதால் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

பணம் நிலத்தில் இன்று நிற்கும் பயிருக்கு வருவதில்லை; அந்த நிலத்தின் பெயரில் ஏட்டில் உள்ள ‘பேஸ் ஏக்கர்’ என்ற கணக்குக்கு வருகிறது. முன்னொரு காலத்தில் அந்தப் பண்ணையில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விதைக்கப்பட்டது என்பதன் பதிவு அது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதைப்புக்கும் உதவிக்கும் இடையிலிருந்த முடிச்சை அவிழ்த்தது. 2002இல் இந்த ஏக்கர்களைப் புதுப்பித்துக்கொள்ளவும் 2014இல் பயிர்களுக்கிடையே மறுபங்கீடு செய்துகொள்ளவும் உரிமையாளர்களுக்கு வாய்ப்புத் தரப்பட்டது. நிலம் கை மாறினால் ஏட்டுக் கணக்கும் அதனுடனே போகும். ஆகவே வயலில் சோயா நிற்கும். ஏட்டில் மக்காச்சோளம் நிற்கும். பணம் ஏட்டைப் பார்த்து வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பண்ணைக்கு மக்காச்சோளத்தில் 400 பேஸ் ஏக்கர். ஏட்டில் உள்ள மகசூல் ஏக்கருக்கு 140 புஷல். 2014ஆம் ஆண்டுச் சட்டம் மக்காச்சோளத்துக்கு வைத்த குறிப்பு விலை புஷலுக்கு 3.70 டாலர். இந்த விலைக்கு அரசு கொள்முதல் எதுவும் செய்யாது. சந்தை விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டு விளைச்சலுக்கு நாட்டின் சராசரி விலை 3.36 டாலர். வித்தியாசம் 34 சென்ட். நானூறு ஏக்கரில் 85 விழுக்காட்டை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள் என்பதால் 340 ஏக்கர். 140ஆல் பெருக்கினால் 47,600 புஷல். 34 சென்ட் வீதம் 16,184 டாலர். இதிலிருந்து அரசுச் செலவுக் குறைப்புச் சட்டத்தின்படி ஒரு சிறு விழுக்காடு கழிந்து, மீதித் தொகை 2017 அக்டோபருக்குப் பிறகே கைக்கு வரும். 2016 வசந்தத்தில் விதைக்கு வாங்கிய கடனை அந்தப் பணத்தை நம்பி அடைக்க முடியாது.

இது பி.எல்.சி. எனப்படும் விலை இழப்புத் திட்டம். இதற்கு மாற்றாக ஏ.ஆர்.சி. என்ற வருவாய்த் திட்டமும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் ஒரு பயிருக்குத் தேர்ந்தெடுக்க முடியும். ஏ.ஆர்.சி. கவுண்டியின் சராசரி வருவாயைப் பார்க்கிறது. கடந்த ஐந்தாண்டுகளின் மகசூலிலும் விலையிலும் தனித்தனியே மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு, மீதி மூன்றின் சராசரிகளைப் பெருக்கி, அதில் 86 விழுக்காட்டுக்குக் கீழே நடப்பாண்டின் வருவாய் போனால் ஈடு கிடைக்கும். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டி, கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. உங்கள் வயலில் நன்றாக விளைந்து, கவுண்டி கெட்டுப் போயிருந்தால் காசோலை வரும். 2014இல் மக்காச்சோளக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஏ.ஆர்.சி.யைத் தேர்ந்தார்கள், ஐந்தாண்டுகளுக்கு மாற்ற முடியாத தேர்வு அது. 2012ஆம் ஆண்டின் வறட்சிக்கால உயர்விலை சராசரியில் இருந்தவரை பணம் தாராளமாக வந்தது. அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழன்றதும் உத்தரவாதமும் இறங்கிவிட்டது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மக்காச்சோளத்தின் குறிப்பு விலையை 4.10 டாலராகவும், சோயாவின் விலையை 8.40இலிருந்து 10 டாலராகவும், கோதுமையின் விலையை 5.50இலிருந்து 6.35 டாலராகவும் உயர்த்தியது, ஏ.ஆர்.சி.யின் 86 விழுக்காடு 90 ஆனது. மேலும் 3 கோடி பேஸ் ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்கவும் இடம் தந்தது. புதிய ஏக்கர் என்றால் புதிய நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏட்டில் புதிய வரிகள், அவ்வளவே.

கேள்வி: உழவர் சொல்வதை அப்படியே நம்பிப் பணம் கொடுக்கிறார்களா? யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்ற முகமையின் கீழ் இருக்கின்றன. வசந்தகாலப் பயிர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஜூலை 15க்குள், எந்த வயலில் எதை என்றைக்கு விதைத்தேன் என்று உழவர் அங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும்.

அப்படியோர் அலுவலகத்தில், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நண்பர் ஒருவருக்குத் துணையாக அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் வான்வழிப் படம் ஒன்றை விரித்திருந்தார்கள். வயல்கள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணும், தசமத்தில் இரண்டு இலக்கம் வரை ஏக்கரும் அச்சிடப்பட்டிருந்தன. முதியவர் விரலை வைத்து ஒவ்வொரு வயலாகச் சொல்லிக்கொண்டு போக, அவருடைய மனைவி விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த சட்டைப்பைக் குறிப்பேட்டைப் புரட்டித் தேதி சொன்னார். ஏழாம் எண் வயலின் தெற்கு மூலையில் தண்ணீர் தேங்கி முளைத்தது அழுகியதால் மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் மீண்டும் விதைத்தோம் என்று அந்த அம்மா நினைவூட்ட, முதியவர் அது போன வருடம் என்றார். குறிப்பேடு அம்மாவின் பக்கம் இருந்தது. எழுத்தர் மூலையைத் தனியே பிரித்துக் கோடு போட்டார். பதிவை நேரில் சரிபார்க்கும் ஆய்வும் உண்டு. பொய் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதோடு திட்டங்களிலிருந்தே விலக்கப்படவும் கூடும்.

இதைத் தவிர, மண்ணரிப்புக்கு எளிதில் ஆளாகும் நிலத்தில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கமாட்டேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை இது.

கேள்வி: ஒரு நபருக்கு உச்சவரம்பு உண்டு என்கிறார்கள், ஆனால் ஒரே பண்ணை பல லட்சம் டாலர் வாங்கியதாகவும் படிக்கிறோம். இது எப்படி?
— தணிக்கையாளர்

பதில்: ‘நபர்’ என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. உச்சவரம்பு முதன்முதலில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று வந்தது. 1980களில் ஒரே குடும்பம் நிறுவனத்துக்குள் நிறுவனமாகக் கிளை பிரித்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரம்பு வாங்கியது. அந்த அமைப்பைத் தாளில் வரைந்தால் மரம் போலிருந்ததால் ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1987இல் கிளைகளை வெட்டினார்கள். 2008இல் எந்த நிறுவனத்தின் வழியாக வந்தாலும் பணத்தைக் கடைசியில் அதைப் பெறும் மனிதரின் கணக்கில் எழுத வேண்டும் என்றார்கள்.

ஆனால் கூட்டாண்மைப் பண்ணைக்குப் பங்காளிகளின் எண்ணிக்கைக்கேற்ப வரம்பு பெருகுகிறது. பங்காளி உடலுழைப்பையோ நிர்வாக உழைப்பையோ தர வேண்டும் என்பது விதி. தோளில் மண் ஒட்டியதா என்று பார்க்கலாம். ‘நிர்வாகம் செய்தேன்’ என்பதை எதைக் கொண்டு அளப்பது? 2018ஆம் ஆண்டுச் சட்டம் ‘குடும்பத்தினர்’ என்ற வட்டத்தில் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆக உயர்த்தியதுடன், சிலவகை நிறுவனங்களுக்கும் கூட்டாண்மையின் சலுகையை நீட்டியது. பினாமி என்று இதைச் சொல்ல முடியாது, சட்டப்படியே நடக்கிறது. எனக்கு வருத்தம் தருவதும் அதுதான். மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியவருக்குப் பொதுவாக இந்தப் பணம் கிடையாது என்ற வேலியும் உண்டு. ஆனால் பெரும் பண்ணையின் வரவு எவ்வளவாக இருந்தாலும் செலவு கழித்த பிறகான வருமானமே கணக்கு என்பதால் அந்த வேலியில் இடறுபவர் சிலரே.

கேள்வி: நிலத்தின் உரிமையாளர் நகரத்தில் இருக்கிறார், உழுபவர் குத்தகைக்காரர். பணம் யாருக்கு?
— ஒரு வாசகி

பதில்: ரொக்கக் குத்தகையானால் குத்தகைக்காரருக்கு, விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகையானால் இருவருக்கும் பங்கின்படி. ஏட்டில் இவ்வளவுதான். ஆனால் அந்த நிலத்துக்கு மானியம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அடுத்த முறை குத்தகை பேசும்போது உரிமையாளர் அதையும் சேர்த்தே தொகை சொல்வார். ஆகவே பட்டியலில் குத்தகைக்காரரின் பெயர் இருந்தாலும் பணத்தின் ஒரு பகுதி நகரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தச் சிக்கல் திட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1933இல், ஹென்றி வாலஸ் வேளாண்மைச் செயலராக இருந்தபோது, விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக விளைந்து நின்ற பருத்தியையே சுமார் ஒரு கோடி ஏக்கரில் உழுது மண்ணில் புரட்டினார்கள். அதற்கான பணம் தெற்கு மாநிலங்களில் நிலக்கிழார்களின் கைக்கு வந்தது; வாரக் குத்தகைக்காரர்களுக்கு அதில் பங்கு தர வேண்டியிருந்தும் பலர் தரவில்லை, நிலத்தைச் சுருக்கியதைக் காரணம் காட்டி வெளியேற்றவும் செய்தார்கள். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து குத்தகை உழவர் சங்கம் தொடங்கியது இதனால்தான்.

கேள்வி: தரிசு போடுவதற்குக்கூட அரசு பணம் தருகிறதாமே?
— கல்லூரி விரிவுரையாளர்

பதில்: தருகிறது. 1985இல் தொடங்கிய நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில், அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்லோ மரமோ வளர்த்து விட்டுவைத்தால் ஆண்டு வாடகை கிடைக்கும். தரிசு என்ற சொல் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. குறிப்பிட்ட புல் வகைகளை விதைத்து, களையை அடக்கி, இடையில் ஒருமுறையாவது பராமரிப்பு செய்து காட்ட வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக்கூடாது. நிலம் உறங்கினால் உரிமையாளருக்கு வாடகை வரும். விதைக் கடைக்கும், உரம் விற்பவருக்கும், தானியக் கிடங்குக்கும், டிராக்டர் பழுதுபார்ப்பவருக்கும் என்ன வரும்? ஊரே சேர்ந்து உறங்கிவிடக்கூடாது என்பதற்கான விதி அது.

கேள்வி: கவுண்டிக் குழு உறுப்பினர்களை உழவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நல்ல மக்களாட்சிதானே?
— ஊராட்சி முன்னாள் உறுப்பினர்

பதில்: வேளாண்மைத் துறையின் திட்டங்களை உள்ளூரில் மேற்பார்வையிடும் குழு இது. மூன்று முதல் பதினொரு பேர், மூன்றாண்டுப் பதவி, எல்லோரும் அந்தப் பகுதி உழவர்கள். உள்ளூர் நிலைமை அறிந்தவர்கள் என்பது பலம். உள்ளூர்ப் பகையும் உறவும் அறிந்தவர்கள் என்பது அதன் மறுபக்கம். தெற்கு மாநிலங்களில் இந்தக் குழுக்கள் நெடுங்காலம் வெள்ளையரின் கையிலேயே இருந்தன. கறுப்பின உழவர்களின் கடன் விண்ணப்பங்கள் தாமதிக்கப்பட்டும் மறுக்கப்பட்டும் வந்தன. வட கரோலினாவின் டிமோத்தி பிக்ஃபோர்டும் பிறரும் 1997இல் தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்தது. காலம் தவறி விண்ணப்பித்தவர்களுக்காக 2010இல் மேலும் 1.25 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. 2024இல்கூட, கடன் வழங்கலில் பாகுபாட்டுக்கு ஆளானதாக விண்ணப்பித்த 43,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 2 பில்லியன் டாலர் கொடுத்தார்கள். விதைப்புப் பருவத்தில் வராத கடனுக்கு, நிலம் கைவிட்டுப்போன பிறகு கிடைக்கும் ஈட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: காய்கறி விளைவிப்பவர்களின் பெயர் பட்டியலில் ஏன் இல்லை? இறந்தவர்களின் பெயர்கூட இருக்கிறதே!
— இதழியல் மாணவர்

பதில்: கோதுமை, மக்காச்சோளம், சோயா, நெல், பருத்தி, நிலக்கடலை, பருப்பு வகைகள் போன்றவற்றுக்கே இந்த விலைத் திட்டங்கள். காய்கறிக்கும் பழத்துக்கும் பேஸ் ஏக்கரே கிடையாது. இறந்தவர்களைப் பொறுத்தவரை, 1999 முதல் 2005 வரை 1,72,801 பேரின் பெயரில் 1.1 பில்லியன் டாலர் சென்றதாக நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் 2007இல் சொன்னது. வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும்வரை இறந்தவரின் பெயரில் பணம் பெறுவதற்கு விதியில் இடமுண்டு என்பதால் அத்தனையும் மோசடியல்ல. ஆனால் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டியதை அலுவலகங்கள் சரிபார்க்கவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் குற்றச்சாட்டு.

பட்டியலில் இல்லாத இன்னொன்று இதைவிடப் பெரிது. பயிர்க் காப்பீட்டின் பிரீமியத்தில் சராசரியாக 60 விழுக்காட்டுக்கு மேல் அரசே கட்டுகிறது. காப்பீட்டை விற்பவை தனியார் கம்பெனிகள். இதற்கு நபர்வாரி உச்சவரம்பும் இல்லை, வருமான வேலியும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடச் சட்டமும் தடையாக இருக்கிறது. நான் முன்னே சொன்ன சாத்திய கதவு இதுதான். கவுண்டிவாரியான மொத்தத் தொகைகளை மட்டும் வேளாண்மைத் துறையின் இடர் மேலாண்மை முகமை வெளியிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ஒரு கவுண்டியின் மானியத்தைப் பற்றிச் செய்தி எழுதாதீர்கள்.

கேள்வி: வேலை விசாவில் அங்கே இருக்கும் என் மகன் 80 ஏக்கர் நிலம் வாங்கிக் குத்தகைக்கு விட எண்ணுகிறான். மானியமும் வரும் என்று தரகர் சொன்னாராம்.
— ஒரு தந்தை

பதில்: ரொக்கக் குத்தகைக்கு விட்டால் அந்தப் பணம் குத்தகைக்காரருக்கு என்று மேலே சொன்னேன். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ இல்லாதவர் நிலம், முதலீடு ஆகியவற்றோடு கணிசமான உடலுழைப்பையும் தாமே தந்தாலொழிய இந்தத் திட்டங்களில் பணம் பெற முடியாது. சில மாநிலங்கள் அயல்நாட்டவர் வேளாண் நிலம் வாங்குவதையே கட்டுப்படுத்துகின்றன. வாங்க முடிந்தாலும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்ணூறு நாள்களுக்குள் வேளாண்மைத் துறைக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம் விதிக்க முடியும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அந்தப் பண்ணையின் பேஸ் ஏக்கரையும் ஏட்டு மகசூலையும் காட்டும் 156ஈ.இசட். (156EZ) என்ற தாளைக் கவுண்டி அலுவலகத்திலிருந்து எடுத்துத் தரும்படி இன்றைய உரிமையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தாளில் பேஸ் ஏக்கருக்கு நேரே சுழி இருந்தால், தரகர் சொன்ன மானியமும் அதுவே.